நடக்காத நாளின் தலைப்புச் செய்தி

1948-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி, அமெரிக்க ஐக்கிய நாட்டு மக்கள் தங்கள் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க வாக்களித்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த வேளையில், ‘சிகாகோ டெய்லி ட்ரிப்யூன்’ என்னும் செல்வாக்கு மிகுந்த தினசரியின் காரியாலயத்தில், மறுநாள் பத்திரிகையின் முதற்பக்கத்துக்கு என்ன தலைப்புக் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. அச்சுத் தொழிலாளர்கள் பல மாதங்களாக வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தபடியால், செய்திகளைத் தட்டச்சில் அடித்து, அடித்ததைப் புகைப்படம் எடுத்து, அந்தப் படத்திலிருந்து உலோகத் தகடு செய்து, அதற்குப் பிறகே பத்திரிகையை அச்சிட வேண்டியிருந்தது. இத்தனை வேலைக்கும் பிடிக்கும் நேரத்தை ஈடுசெய்வதற்காக, முதற்பதிப்பை வழக்கத்தைவிடச் சில மணி நேரம் முன்னதாகவே முடித்து அனுப்பும் நிர்ப்பந்தமும் ஏற்பட்டிருந்தது. வாக்குகள் எண்ணி முடியவில்லை. ஆனால் வாஷிங்டன் நகரத்து அரசியலைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவந்த அந்தப் பத்திரிகையின் நிருபர் ஆர்தர் ஸியர்ஸ் ஹென்னிங், குடியரசுக் கட்சி அபேட்சகரான தாமஸ் டூயியே வெல்வார் என்று கூறினார். கருத்துக் கணிப்பு நிபுணர்களும் பல வாரங்களாக அதையேதான் கூறிவந்தார்கள். ஆகவே, ‘ட்ரூமனைத் தோற்கடித்தார் டூயி’ என்று முதற்பக்கத்தின் குறுக்கே பெரிய எழுத்துக்களில் தலைப்பிட்டு, ஏறக்குறைய 1,50,000 பிரதிகளை அச்சிட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

ஜெயித்தவர், அப்பொழுது ஜனாதிபதியாயிருந்த ட்ரூமன். தேர்தல் முடிந்து இரண்டு நாள் கழித்து, அவர் ரயிலில் தலைநகருக்குத் திரும்பும் வழியில், செயின்ட் லூயிஸ் நகரத்து ரயில் நிலையத்தில் யாரோ ஒருவர் அந்தப் பத்திரிகையின் பிரதியை அவர் கையில் கொடுக்க, அதை அவர் இரு கரங்களாலும் உயர்த்திப் பிடித்து வாய்விட்டுச் சிரித்தபடி நின்ற காட்சியைப் புகைப்படக்காரர்கள் எடுத்தார்கள். அமெரிக்க அரசியல் சரித்திரத்தில் மிகப் பிரசித்தி பெற்ற படங்களுள் அது ஒன்று.

அந்தப் படத்தைக் காண்பவர்கள், அவசரப்பட்ட பத்திரிகை அடைந்த அவமானம் என்று அதைக் கருதிச் சிரித்துவிட்டு அப்பாற் சென்றுவிடுகிறார்கள். ஆனால், அவர்கள் நின்று கவனிக்க வேண்டிய வேறொரு விஷயம் அதில் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு மாகாணத்தில் முந்துகிறவருக்கே பொதுவாக அதன் தேர்வாளர் வாக்குகள் முழுவதும் சேரும்; அந்தத் தேர்தலில் ட்ரூமனுக்கு 303 தேர்வாளர் வாக்குகளும், டூயிக்கு 189 வாக்குகளும், மூன்றாவதாக நின்ற ஸ்ட்ரோம் தர்மண்டுக்கு 39 வாக்குகளும் கிடைத்தன. பெரும்பான்மைக்கு வேண்டியவை 266. பார்வைக்கு இது பெரிய வெற்றியாகவே தோன்றும். ஆயினும் ஒஹையோ, கலிபோர்னியா, இல்லினாய்ஸ் ஆகிய மூன்று மாகாணங்களில் ட்ரூமன் பெற்ற அதிகப்படி வாக்குகள் முறையே ஏறக்குறைய 7,000, 18,000, 34,000 மட்டுமே. நாலே முக்கால் கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாக்களித்த ஒரு தேர்தலில், அந்த மூன்று மாகாணங்களிலும் சேர்ந்து 30,000-க்கும் குறைவானவர்கள் மனம் மாறி எதிர்ப்பக்கம் வாக்களித்திருந்தால், அவற்றின் 78 தேர்வாளர் வாக்குகளும் டூயிக்குப் போய், அவர் 267 வாக்குகளோடு, தேவைக்கு ஒன்று மிகுதியாகவே பெற்று, ஜனாதிபதியாகியிருப்பார். அப்பொழுது அந்தத் தலைப்பு, பிழையாயிராமல், பத்திரிகையின் தீர்க்கதரிசனத்துக்குச் சான்றாகப் பாராட்டப்பட்டிருக்கும். நடந்த உலகத்துக்கும் நடக்காத உலகத்துக்கும் இடையே இருந்த தூரம் அவ்வளவு சிறியது.

பழைய பத்திரிகைத் தலைப்புக்களை எடுத்துக்கொண்டு, ‘இது வேறுவிதமாக நடந்திருந்தால் மறுநாள் பத்திரிகை என்ன எழுதியிருக்கும்?’ என்று கற்பனை செய்து பார்க்கும் ஹாஸ்யக் கலை, இந்தச் சிறிய தூரத்தில்தான் பிறக்கிறது. அது சரித்திரத்தை அலட்சியம் செய்பவர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் எண்ணக்கூடும். சரித்திரத்தை உண்மையாகவே நேசிப்பவர்களால்தான் அதைச் செவ்வையாகச் செய்ய முடியும் என்பதும், செவ்வையாகச் செய்தால் அது நமக்குச் சரித்திரத்தின் ஒரு பெரிய உண்மையைக் கற்பிக்கிறது என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

பண்டைய வேர்

‘நடந்திருந்தால்’ என்ற கேள்வி மிகப் பழையது. ரோமாபுரியின் சரித்திரத்தை விரிவாக எழுதிய லிவி என்னும் ஆசிரியர், மகா அலெக்ஸாந்தர் கீழ்த்திசையை நோக்கி வராமல் மேற்கே திரும்பி ரோமாபுரியின்மீது படையெடுத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று தம் நூலின் ஒன்பதாவது புத்தகத்தில் ஆராய்ந்து, இரு தரப்புத் தளபதிகளையும் படைபலத்தையும் சீர்தூக்கி, ரோமாபுரியே வென்றிருக்கும் என்று தேசபக்தியோடு முடிவு கூறியிருக்கிறார். 1836-ஆம் ஆண்டில், பிரெஞ்சு ஆசிரியர் லூயி ஜோஃப்ருவா, நெப்போலியன் ருஷியாவில் தோல்வியுறாமல் உலகம் முழுவதையும் வென்று ஆண்டதாக ஒரு முழு நூலையே எழுதினார். இவை இரண்டிலும் கம்பீரம் உண்டு; சிரிப்பு இல்லை. தம் நாட்டின் பெருமையை நிலைநாட்ட விரும்பிய லிவிக்கும், இழந்துபோன மகிமையை எண்ணி ஏங்கிய ஜோஃப்ருவாவுக்கும் சிரிக்க அவகாசமில்லை.

சிரிப்பு வந்து சேர்ந்தது இருபதாம் நூற்றாண்டில். 1931-ஆம் ஆண்டில், ‘லண்டன் மெர்க்குரி’ என்ற இலக்கியப் பத்திரிகையின் ஆசிரியர் ஜே. ஸி. ஸ்குயர், பல பிரபல ஆசிரியர்களிடம் கட்டுரைகள் வாங்கி, ‘வேறுவிதமாக நடந்திருந்தால்’ என்ற பொருள்படும் பெயரோடு ஒரு தொகுப்பை வெளியிட்டார். பதினாறாம் லூயி மன்னருக்குக் கொஞ்சமேனும் மன உறுதி இருந்திருந்தால், நெப்போலியன் அமெரிக்காவுக்குத் தப்பியிருந்தால், கவி பைரன் கிரேக்க நாட்டு மன்னனாகியிருந்தால் என்று ஒவ்வொருவரும் ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தொகுப்பில் வின்ஸ்டன் சர்ச்சில் எழுதிய கட்டுரை, யுக்தியில் மிகவும் நூதனமானது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863-இல் நடந்த கெட்டிஸ்பர்க் யுத்தத்தில் தென்னாட்டுத் தளபதி லீ தோற்றார் என்பது சரித்திரம். சர்ச்சிலோ, லீ வென்றுவிட்ட ஓர் உலகத்தில் வாழும் சரித்திராசிரியராகத் தம்மைப் பாவித்துக்கொண்டு, ‘லீ மட்டும் வெல்லாமற் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ!’ என்று கவலையோடு யோசிக்கிறார். நம்முடைய உண்மையான உலகமே அவருடைய கட்டுரையில் ஒரு பயங்கரக் கற்பனையாக மாறிவிடுகிறது.

அந்தக் கட்டுரைகள் சில, அமெரிக்காவில் ஒரு மாத சஞ்சிகையில் வெளிவந்துகொண்டிருந்த சமயத்தில், ஜேம்ஸ் தர்பர் என்னும் ஹாஸ்ய எழுத்தாளர், அதே வரிசையில் தாமும் ஒன்று சேர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு, 1930-இல் ‘நியூயார்க்கர்’ பத்திரிகையில் ஒரு சிறு சித்திரம் எழுதினார். 1865-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அப்போமாட்டக்ஸ் என்ற ஊரில் லீ, வடநாட்டுத் தளபதி க்ராண்டிடம் சரணடைந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிவுக்கு வந்தது. க்ராண்ட் மதுப் பழக்கம் உள்ளவர் என்ற பேச்சு அக்காலத்தில் பரவலாக உண்டு. தர்பரின் கதையில், முந்தின இரவின் மயக்கம் தெளியாத க்ராண்ட், சரணடைய வந்த லீயைப் பார்த்து, சரணடைய வேண்டியவர் தாம்தான் என்று எண்ணிக்கொண்டு, தம் உடைவாளை அவரிடம் நீட்டிவிடுகிறார். நாலு ஆண்டு யுத்தம், லட்சக்கணக்கான வீரர்கள், இரண்டு பெரும் படைகள் ஆகிய யாவும் ஒரு மனிதரின் தலைவலியால் தலைகீழாகின்றன. சர்ச்சில் பல பக்கங்களில் நிறுவ முயன்றதைத் தர்பர் ஒரு நொடியில் காட்டிவிட்டார். மகத்தான சம்பவங்களும் அற்பமான காரணங்களின்மேல் நிற்கக்கூடும் என்பதே அது.

பாதிரியாரின் பத்திரிகை

இந்தக் கலைக்குப் பத்திரிகையின் உருவத்தைக் கொடுத்தவர்களுள் முதன்மையாக எண்ணத்தக்கவர் ரொனால்ட் நாக்ஸ். அவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். வேதாகமத்தை மொழிபெயர்த்த அறிஞர். துப்பறியும் கதைகள் எழுதியவர். அத்தகைய கதைகளை எழுதுகிறவர்கள் கடைப்பிடிக்க வேண்டிய பத்து விதிகளை வகுத்தவரும் அவரே. 1926-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் தேதி மாலையில், எடின்பரோ நகரத்திலிருந்து பிரிட்டிஷ் வானொலியில் அவர் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். இது ஹாஸ்யம் என்று முதலிலேயே அறிவித்துவிட்டுத்தான் தொடங்கினார்கள். ஆனால், அறிவிப்பைக் கேட்கத் தவறியவர்களின் காதில் விழுந்தவை செய்திகள்.

லண்டன் நகரத்தில் கலகக் கும்பல் ஒன்று திரண்டிருக்கிறது. அதற்குத் தலைமை வகிப்பவர், நாடகக் கொட்டகைகளின் வாசலில் மக்கள் வரிசையில் நிற்கும் வழக்கத்தை ஒழிப்பதற்கான தேசிய இயக்கத்தின் காரியதரிசி. கும்பல் சித்திரசாலையைச் சூறையாடிக்கொண்டிருக்கிறது. பார்லிமெண்டு மணிக்கூண்டு குண்டுவீச்சில் சரிந்துவிட்டது. போக்குவரத்து மந்திரி விளக்குக் கம்பத்தில் தூக்கிலிடப்பட்டார் என்றெல்லாம் நாக்ஸ் நிதானமான குரலில் வாசித்தார். சற்று நேரத்துக்குப் பின், முன்னர் சொன்னதில் ஒரு பிழை நேர்ந்துவிட்டதென்றும், மந்திரி தூக்கிலிடப்பட்டது விளக்குக் கம்பத்தில் அன்று, டிராம் வண்டிக் கம்பத்தில்தான் என்றும் திருத்தம் வாசித்தார். இடையிடையே ஸவாய் ஹோட்டலிலிருந்து நடன சங்கீதம் ஒலித்தது. பிறகு அந்த ஹோட்டலும் தகர்க்கப்பட்டதாகச் செய்தி வந்தது. அன்றிரவு பெய்த பனியினால் மறுநாள் பல ஊர்களுக்குப் பத்திரிகைகள் நேரத்தில் போய்ச் சேரவில்லை. சேராததே லண்டன் அழிந்ததற்கு அத்தாட்சி என்று சிலர் அஞ்சினார்கள். ஆர்ஸன் வெல்ஸ் என்பவர் செவ்வாய்க் கிரகவாசிகளின் படையெடுப்பை வானொலியில் நாடகமாக்கி அமெரிக்க மக்களைக் கலங்கச் செய்ததற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது.

அந்தத் திருத்தத்தில்தான் ஹாஸ்யத்தின் ரகசியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நகரமே எரிந்துகொண்டிருக்கும்பொழுதும், கம்பம் எவ்வகையைச் சேர்ந்தது என்பதில் பிழை இருக்கக் கூடாது என்று கவலைப்படுவது செய்தி ஸ்தாபனத்தின் சுபாவம். உலகம் தலைகீழானாலும் அந்தச் சுபாவம் மாறாது. அது மாறாமல் இருப்பதைக் கண்டுதான் நாம் சிரிக்கிறோம்.

அவ்வாண்டு மே மாதத்தில் பிரிட்டன் மெய்யாகவே ஒரு பொது வேலைநிறுத்தத்தில் ஆழ்ந்தது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு ஆதரவாகப் பல தொழில்களைச் சேர்ந்தவர்கள் வேலையை நிறுத்தினார்கள். அந்தப் போராட்டம் மூண்டதற்கே ஒரு பத்திரிகை அலுவலகம் காரணமாயிருந்தது. ‘டெய்லி மெயில்’ பத்திரிகையின் அச்சுத் தொழிலாளர்கள், தொழிலாளர்களைக் கண்டித்து எழுதப்பட்ட தலையங்கத்தை அச்சிட மறுத்தது சமரசப் பேச்சு முறிவதற்கு உடனடிக் காரணமாயிற்று. பெரும்பாலான பத்திரிகைகள் நின்றுபோகவே, அரசாங்கம் சர்ச்சிலின் மேற்பார்வையில் ‘பிரிட்டிஷ் கெஜட்’ என்ற தாளை வெளியிட, தொழிற்சங்கக் காங்கிரஸ் ‘பிரிட்டிஷ் வொர்க்கர்’ என்ற தாளை வெளியிட்டது. ஒரே நகரத்தில், ஒரே நாளில், ஒரே சம்பவத்தைப் பற்றி ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறான இரண்டு உலகங்கள் அச்சேறின. ஒன்பது நாட்களுக்குப் பின், மே 12-ஆம் தேதி, வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

ஸ்குயரின் தொகுப்புக்காக நாக்ஸ் எடுத்துக்கொண்ட கேள்வி, அந்த வேலைநிறுத்தம் வெற்றி பெற்றிருந்தால் என்பது. அவர், தொழிலாளர் வென்ற பிரிட்டனில் 1930-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளிவந்த ‘டைம்ஸ்’ பத்திரிகையின் பகுதியாகவே தம் கற்பனையை அமைத்தார். இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது என்று விளக்க வேண்டிய பொறுப்பு இதனால் அவருக்கு இல்லாமற் போயிற்று. பத்திரிகை நேற்று நடந்ததைத்தான் சொல்லும். நாலு ஆண்டுக்கு முன் நடந்ததை எல்லாரும் அறிவார்கள் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே வாசகர், செய்திகளுக்கு இடையே மறைந்து கிடக்கும் சரித்திரத்தைத் தாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கண்டுபிடிப்பில் உண்டாகும் ஆனந்தம், விளக்கக் கட்டுரை எதிலும் கிடைப்பதில்லை. 1999-ஆம் ஆண்டில் ‘தி ஆனியன்’ என்ற அமெரிக்க ஹாஸ்யப் பத்திரிகையினர், இருபதாம் நூற்றாண்டு முழுவதையும் பொய்யான முதற்பக்கங்களாகத் தொகுத்து ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார்களே, அவர்கள் நடந்ததும் இதே பாதைதான்.

தலைப்பின் வல்லமை

கதை, நாடகம், கட்டுரை எல்லாவற்றையும் விட இந்தக் கற்பனைக்குத் தலைப்புச் செய்தி ஏன் பொருந்துகிறது? முதற்காரணம், தலைப்பின் நிச்சயம். தலைப்பு ஐயப்படுவதில்லை, ‘ஒருவேளை’, ‘அநேகமாக’ என்ற சொற்களுக்கு அங்கே இடமில்லை. ஐந்தாறு சொற்களில் ஒரு ராஜ்யம் வீழ்ந்ததென்றோ ஒரு மனிதர் வென்றாரென்றோ அது தீர்ப்புக் கூறிவிடுகிறது. அந்த அதிகாரக் குரலைக் கேட்டுப் பழகிய நம் செவி, நடக்காத ஒன்றை அதே குரல் சொல்லும்பொழுது ஒரு கணம் நம்பி, மறுகணம் விழித்துக்கொள்கிறது. இரண்டாவது காரணம், பக்கத்தின் அமைப்பு. எது பெரிய எழுத்து, எது சிறிய எழுத்து என்பதைக் கொண்டே எது முக்கியம் என்பதைப் பத்திரிகை தெரிவிக்கிறது. ஆகையால் ஒரு பெரிய ராஜ்ய மாறுதலைக் கடைசிப் பத்தியின் மூலையில் இரண்டு வரியாகப் போட்டு, ஓர் ஆட்டப் பந்தயத்தின் முடிவை முதற்பக்கத்தில் போட்டால், அந்தக் கற்பனை உலகத்து மக்களின் மனப்போக்கை வேறு வார்த்தையின்றிக் காட்டிவிடலாம். மூன்றாவது, அண்டையில் இருக்கும் செய்திகள். யுத்தச் செய்திக்குப் பக்கத்திலேயே அரிசி விலையும், கலியாண விளம்பரமும், காணாமற் போன பசுவைப் பற்றிய அறிவிப்பும் இருப்பது பத்திரிகையின் இயல்பு. மகத்தானதும் சாமானியமும் அங்கே தோளோடு தோள் உரசி நிற்கின்றன.

நம் நாட்டிலிருந்தே ஓர் உதாரணம் எடுத்துப் பார்க்கலாம். 1746-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், லா பூர்தொனே என்ற பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையைக் கைப்பற்றினார். கம்பெனி குமாஸ்தாவாயிருந்த ராபர்ட் கிளைவ் தப்பியோடிக் கடலூருக்கு அருகிலுள்ள புனித டேவிட் கோட்டையை அடைந்தான். ஆங்கிலேயரின் தலைமைக் காரியாலயமும் அங்கேதான் மாறியது. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் துரையின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, அந்நாட்களின் பரபரப்பைத் தம் நாட்குறிப்பில் பதிந்து வைத்திருக்கிறார். மூன்று ஆண்டு காலம் சென்னை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. பின்னர் அதை ஆங்கிலேயர் யுத்தம் செய்து மீட்கவில்லை. 1748-இல் ஐரோப்பாவில் ஏ-லா-ஷாப்பேல் என்ற நகரத்தில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, வட அமெரிக்காவில் கனடாக் கரையோரத்தில் உள்ள லூயிபூர்க் என்ற கோட்டையைப் பிரெஞ்சுக்காரருக்குத் திருப்பிக் கொடுத்து, அதற்குப் பதிலாகச் சென்னையைப் பெற்றுக்கொண்டார்கள். லூயிபூர்க்கை 1745-இல் தங்கள் உயிரைக் கொடுத்துப் பிடித்திருந்த அமெரிக்கக் குடியேற்றத்து மக்களுக்கு அந்தப் பரிவர்த்தனையில் மிகுந்த கோபம். அவர்களுடைய கோபம் லண்டன் மந்திரிகளின் செவியில் ஏறியிருந்தால்?

இங்கே நம் கற்பனைப் பத்திரிகை பிறக்கிறது. ‘லூயிபூர்க்கை விட்டுத்தர மாட்டோம்: பாஸ்டன் மக்கள் பிடிவாதம், சென்னை பிரெஞ்சு வசமே நீடிக்கும்’ என்பது முதல் தலைப்பு. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் தாண்டி வந்தால், ‘விடுமுறைக்குப் பிரெஞ்சுத் தெருக்களைக் காணச் சென்னைக்குத் திரளும் கடலூர் மாநகர இளைஞர், ரயில்களில் இடமில்லை’ என்று ஒரு செய்தி. பக்கத்திலேயே, ‘கிரிக்கெட் என்ற விளையாட்டைக் கல்கத்தாவில் சிலர் ஆடுகிறார்கள்: ஐந்து நாள் ஆடியும் முடிவு தெரியவில்லையாம், சேப்பாக்கம்வாசிகள் வியப்பு’ என்று வேறொன்று. ‘மயிலாப்பூரில் தினந்தோறும் நீண்ட ரொட்டி விற்பனை: சாம்பாரில் தோய்த்து உண்பது மரபுக்கு ஏற்றதா? பண்டிதர் சபை இன்று கூடுகிறது’ என்று மற்றொன்று. கடைசிப் பத்தியில், சிறிய எழுத்தில், ‘குடிநீர் லாரி மூன்று நாளாக வரவில்லை: திருவல்லிக்கேணிப் பெண்கள் குடங்களுடன் மறியல்’.

இந்தக் கடைசிச் செய்தியை நான் வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். கொடி மாறலாம், பாஷை மாறலாம், தின்னும் ரொட்டியின் நீளம் மாறலாம். கடற்கரையை ஒட்டி, பெரிய ஜீவநதி எதுவும் இல்லாமல், பருவமழையை நம்பி வளர்ந்த ஒரு நகரத்தின் தாகம், ஆளுகிறவர் எந்த தேசத்தவராயினும் மாறியிராது. கற்பனைத் தலைப்பு எழுதுகிறவருக்கு முதல் விதி இதுவே: தேரின் அச்சாணியைப் போன்ற ஒரு சிறு சம்பவத்தை மட்டும் மாற்ற வேண்டும், மற்றபடி மண்ணின் குணம், மனிதரின் சுபாவம், தூரம், பருவம், பசி எதையும் தொடக் கூடாது. ஒரே சமயத்தில் பத்தை மாற்றுகிறவர் எழுதுவது மாயாஜாலக் கதையாகும். ஒன்றை மட்டும் மாற்றி அதன் விளைவுகளை ஒழுங்காகத் தொடர்ந்து செல்கிறவருக்கு, எது எதனால் நிகழ்ந்தது என்ற ஞானம் கூடவே உண்டாகிறது.

சிகாகோ பத்திரிகையின் தலைப்பையே இவ்விதிப்படி தொடர்ந்து பார்க்கலாம். டூயி வென்றிருந்தால், ‘மிஸ்ஸௌரிக்குத் திரும்பினார் ட்ரூமன்: இனிப் பியானோ வாசிக்க நேரம் உண்டு என்கிறார்’ என்று ஒரு தலைப்பு வந்திருக்கும், அவர் பியானோ வாசிப்பதில் பிரியமுள்ளவர். ‘கணிப்பாளர்கள் சொன்னபடியே முடிவு: அடுத்த முறை தேர்தல் செலவு எதற்கு என்று கேள்வி’ என்று இன்னொன்றும் வந்திருக்கலாம். இந்த இரண்டாவது தலைப்பு வெறும் விளையாட்டு அன்று. அந்தத் தேர்தலில் ஏமாந்துபோனதால்தான், கணிப்பு முறையில் இருந்த குற்றங்கள் அறிஞர் குழுவால் பகிரங்கமாக ஆராயப்பட்டன. வாக்களிப்பு நெருங்கும் வரை கணிப்பைத் தொடராமல் முன்னதாகவே நிறுத்திவிட்டதும், இன்ன வகுப்பாரில் இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும் வகுத்துவிட்டு, ஆட்களைப் பொறுக்கும் உரிமையை விசாரிக்கச் செல்பவரிடமே விட்டதும் தவறு என்று வெளியாயிற்று. அதன் பிறகு யாரைக் கேட்பது என்பதைத் தற்செயல் தேர்வினால் நிர்ணயிக்கும் சாஸ்திரீய முறை வலுப்பெற்றது. டூயி மயிரிழையில் வென்றிருந்தால், பழுதான அந்த முறைக்கு மாலை மரியாதை நடந்திருக்கும். பழுது மேலும் பல ஆண்டு மறைந்தே இருந்திருக்கும். சரியான விடை தவறான வழியிலும் கிடைத்துவிடக் கூடும் என்ற நுட்பமான உண்மையை, ஒரு கற்பனைத் தலைப்பு சிரிக்கச் சிரிக்கக் கற்பித்துவிடுகிறது.

சிரிக்கக் கூடாத இடம்

ஆனால் எல்லாத் தலைப்பும் சிரிப்புக்கு உரியதன்று. 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் தேதி அதிகாலையில், முந்தின இரவு பனிப்பாறையில் மோதிய ‘டைட்டானிக்’ கப்பல் அட்லாண்டிக் சமுத்திரத்தில் மூழ்கியது. 1,500 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆயினும் அன்றைய தினமும் மறுநாளும் வெளிவந்த பத்திரிகைகள் பலவற்றில், பிரயாணிகள் அனைவரும் காப்பாற்றப்பட்டார்கள் என்றும், கப்பல் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தை நோக்கி இழுத்துவரப்படுகிறது என்றும் தலைப்புக்கள் இருந்தன. லண்டன் ‘டெய்லி மெயில்’ பத்திரிகை, கப்பல் மூழ்கியது, உயிர்ச்சேதம் இல்லை என்றே அச்சிட்டது. கம்பியில்லாத் தந்தியில் பல கப்பல்களின் செய்திகள் ஒன்றோடொன்று கலந்து குழம்பியதே இதற்குக் காரணம் என்று கூறப்படுவதுண்டு. அந்தச் செய்தியைப் படித்து, தெய்வத்துக்கு நன்றி சொல்லி நிம்மதியாக உறங்கச் சென்ற தாய்மார்களும் மனைவியரும் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அவர்களும் சில மணி நேரம் ஒரு மாற்றுச் சரித்திரத்தில்தான் வாழ்ந்தார்கள். அந்தத் தலைப்பை எடுத்து விளையாடும் உரிமை எவருக்கும் இல்லை என்பது என் கருத்து.

ஆகவே, மாண்டவர்களின் துயரத்தையும், ஒடுக்கப்பட்டவர்களின் வேதனையையும் பொருளாகக் கொள்ளாமல், வென்றவர்களின் கர்வத்தையும், கணித்தவர்களின் நிச்சயத்தையும், சடங்காகிவிட்ட அதிகாரத்தின் தோரணையையும் பொருளாகக் கொள்வது இரண்டாவது விதி. மூன்றாவது விதி, இது கற்பனை என்பதை ஒளிக்காமல் இருப்பது. 1835-இல் நியூயார்க் ‘ஸன்’ பத்திரிகை, ஸர் ஜான் ஹெர்ஷல் என்ற வான சாஸ்திரி சந்திரனில் வௌவால் இறகுடைய மனிதர்களைக் கண்டதாகத் தொடர் கட்டுரை வெளியிட்டு ஜனங்களை நம்பவைத்தது. அது திறமையான புளுகே தவிர, நாம் பேசும் கலை அன்று. ஏமாற்றுகிறவன் வாசகனின் அறியாமையை நம்பியிருக்கிறான். மாற்றுத் தலைப்பு எழுதுகிறவனோ வாசகனின் அறிவை நம்பியிருக்கிறான். லீ தோற்றதை அறியாதவருக்குச் சர்ச்சிலின் கட்டுரையில் சுவை ஏது? பொய்ச் செய்தி நொடியில் நாடெங்கும் பரவிவிடும் இக்காலத்தில் இந்த வேற்றுமையை நாம் கண்டிப்பாகக் காக்க வேண்டும்.

சரித்திரப் புத்தகங்களைப் பின்னிருந்து முன்னாகப் படிப்பவர்கள் நாம். முடிவை அறிந்துகொண்டே ஆரம்பத்துக்கு வருகிறபடியால், நடந்ததெல்லாம் நடந்தே தீர வேண்டியது போலவும், தவறாகக் கணித்தவர்கள் எல்லாரும் மூடர்கள் போலவும் நமக்குத் தோன்றிவிடுகிறது. முடிவு தெரியாத அந்த மாலைப் பொழுதில், தங்களுக்குக் கிடைத்த அரைகுறைத் தகவலை வைத்துக்கொண்டு தீர்மானம் செய்ய வேண்டியிருந்தவர்களின் நிலையில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துவதற்கு, ஒரு நல்ல கற்பனைத் தலைப்பைப் போல் உதவும் சாதனம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. முன்னோர்களை நியாயமாக மதிப்பிடும் மனப்பான்மை அதனால் வளர்கிறது. நம் காலத்துத் தலைப்புக்கள் பேசும் நிச்சயத்தையும் சற்று நிறுத்தி யோசிக்கும் பழக்கம் அதனோடு கூடவே வருகிறது.

நம் பள்ளிகளில் சரித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதை ஒரு பாடப் பயிற்சியாகவே மேற்கொள்ளலாம். ‘சென்னையைத் திருப்பித் தராமலிருந்தால்’ என்று ஒரே ஒரு தலைப்பு எழுதச் சொன்னால், அந்த மாணவன் உடன்படிக்கை எங்கே, எவர் எவருக்கிடையே ஏற்பட்டது என்பதையும், லூயிபூர்க் எந்தக் கரையில் இருக்கிறது என்பதையும், பிரெஞ்சு அரசாங்கத்துக்கு ஒரு குளிர்ந்த தேசத்துக் கோட்டை சென்னையைவிட ஏன் அருமையாயிற்று என்பதையும் தேடிப் படித்தாக வேண்டும். தேதிகளை நெட்டுருப் போடும் மாணவனுக்கு அந்த உடன்படிக்கை பரீட்சையோடு மறந்துபோகும். அதை மாற்றிப் பார்த்த மாணவனோ, அது ஏன் அவ்விதம் கையெழுத்தாயிற்று, கையெழுத்திட்டவர்களுக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்கத் தொடங்குவான். அப்படிக் கேட்கத் தெரிந்தவன், தன் காலத்தில் கையெழுத்தாகும் உடன்படிக்கைகளையும் விதியின் செயல் என்று வாளாவிருந்து ஏற்க மாட்டான்.